செல்ஃப் சுத்துது, வண்டி ஸ்டார்ட் ஆகல... டீசல் இன்ஜினில் எரிபொருள் அழுத்தம் குறைந்தால் கண்டுபிடிப்பது எப்படி?

காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அல்லது, வண்டலூர் மேம்பாலத்தில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தும் வண்டி இழுக்கவில்லை. இன்ஜின் விளக்கு எரிகிறது. டீசல் கார், லோடு வண்டி, வேன் ஓட்டும் பலரும் சந்திக்கும் பிரச்னை இது.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் 'பம்ப் போயிடுச்சு, மாத்தணும்' என்ற பதில் சில நேரம் உடனே வந்துவிடும். ஹை பிரஷர் பம்ப், இன்ஜெக்டர்கள் எல்லாவற்றையும் மாற்றினால் சில வண்டிகளில் செலவு லட்சத்தைத் தொடும். ஆனால் உண்மையான காரணம் அடைத்துப்போன ஒரு ஃபில்டராகவோ, லூசான ஒரு ஹோஸ் கிளிப்பாகவோ இருக்கலாம். எனவே எதையும் மாற்றுவதற்கு முன் எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்பது தெரிந்திருப்பது நல்லது.

எரிபொருள் அழுத்தம் என்றால் என்ன?

இன்றைய டீசல் வண்டிகளில் இருப்பது 'காமன் ரெயில்' முறை. இதில் இரண்டு பகுதிகள் உண்டு.

முதலாவது, குறைந்த அழுத்தப் பகுதி. டேங்க், ஃபீட் பம்ப், ஃபில்டர், இவற்றை இணைக்கும் ஹோஸ்கள் இதில் அடங்கும். இங்கே அழுத்தம் சில பார் அளவுதான். சில வண்டிகளில் டேங்குக்குள் இருக்கும் மின் பம்ப் டீசலைத் தள்ளும். வேறு சிலவற்றில் இன்ஜின் பக்கமிருந்து உறிஞ்சி இழுக்கப்படும்.

இரண்டாவது, உயர் அழுத்தப் பகுதி. ஹை பிரஷர் பம்ப், ரெயில் எனப்படும் கனமான குழாய், பிரஷர் சென்சார், கட்டுப்பாட்டு வால்வு, இன்ஜெக்டர்கள் ஆகியவை இதில் உள்ளன. வண்டி ஐடிலில் நிற்கும்போதே ரெயிலில் பொதுவாக 250 முதல் 350 பார் வரை இருக்கும். முழு வேகத்தில் பல இன்ஜின்களில் 1,600 பாரைத் தொடும். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல இது சுமார் 700 மடங்கு.

இந்த அழுத்தம் போதிய அளவு உயராவிட்டால், கணினி இன்ஜெக்டரைத் திறக்கவே அனுமதிக்காது. பல வண்டிகளில் ஸ்டார்ட் ஆக 150 முதல் 200 பார் வரை தேவை.

அறிகுறியே பாதி விடை சொல்லும்

* காலையில் மட்டும் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது, பிறகு சரியாக ஓடுகிறது: இரவில் டீசல் டேங்குக்கே திரும்பிவிடுகிறது. ஹோஸ் இணைப்பில் எங்கோ 'ஏர் எடுக்குது' என்று சந்தேகிக்கலாம்.
* ஐடிலில் பிரச்னை இல்லை, மேடு ஏறும்போதும் ஓவர்டேக் செய்யும்போதும் இழுவை இல்லை: ஃபில்டர் அடைப்பு அல்லது டேங்க் பக்கத்துத் தடை.
* குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் ஆகிறது, சூடானதும் அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆக மறுக்கிறது: சூட்டில் டீசல் இளகும். தேய்ந்த இன்ஜெக்டர் அல்லது பம்ப் வழியாக அழுத்தம் கசிந்து போகிறது.
* செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் துளிகூடப் புகை இல்லை: சிலிண்டருக்குள் டீசலே போகவில்லை என்று பொருள்.

தென் சென்னையில் தண்ணீர்தான் பெரிய எதிரி

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரை மீறியபோது முடிச்சூர், வரதராஜபுரம், மேற்கு தாம்பரம் பகுதிகளில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்து சென்ற காட்சியைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அனுபவத்தால்தான் 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள்.

ஹை பிரஷர் பம்ப்பின் உள்பாகங்களுக்கு எண்ணெய்ப் பசை தருவது டீசலேதான். அதில் தண்ணீர் கலந்தால் அந்தப் பசை போய்விடும். சில மைக்ரான் இடைவெளியில் உரசும் உலோகப் பாகங்கள் தேயும், துருப்பிடிக்கும். டேங்கில் தண்ணீர் தங்கினால் அதில் நுண்ணுயிரிகள் வளர்ந்து, கறுப்பான வழவழப்புப் படிவமாக மாறி ஃபில்டரை அடைக்கும். வெள்ளம் வராத வீட்டிலும் பாதி காலியான டேங்கின் உள்சுவரில் ஈரம் படிந்து தண்ணீர் சேரலாம்.

சோதனை: சின்னதில் தொடங்கி பெரியதுக்கு

1. முதலில் டீசல் இருக்கிறதா, பேட்டரி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கேஜ் பொய் சொல்வதுண்டு. பேட்டரி பலவீனமாக இருந்து இன்ஜின் மெதுவாகச் சுற்றினாலும் அழுத்தம் ஏறாது.

2. டேங்கில் மின் பம்ப் உள்ள வண்டி என்றால், சாவியை ஆன் செய்ததும் சில விநாடிகள் 'ம்ம்' என்ற சத்தம் கேட்கும். கேட்கவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், ரிலேவைப் பார்க்க வேண்டும்.

3. ஃபில்டரின் அடியில் உள்ள டிரெயின் திருகைத் திறந்து, கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, 15 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். கறுப்புப் படிவம் இருந்தால் டேங்கைச் சுத்தம் செய்ய வேண்டும். பளபளக்கும் உலோகத் துகள்கள் தெரிந்தால் விஷயம் பெரியது. பம்ப் உள்ளே தேய்கிறது. அதை மட்டும் மாற்றிவிட்டு ரெயில், இன்ஜெக்டர், டேங்கைச் சுத்தம் செய்யாமல் விட்டால் புது பாகமும் கெடும்.

4. ஹேண்ட் ப்ரைமர் உள்ள வண்டிகளில் அதை அழுத்திப் பாருங்கள். சில அழுத்தங்களில் அது கெட்டியாக வேண்டும். எவ்வளவு அழுத்தினாலும் தொளதொளவென்றிருந்தால் காற்று புகுகிறது. உள்ளே அமுங்கி, மேலே வரத் திணறினால் டேங்க் பக்கம் அடைப்பு.

5. ஃபில்டருக்குப் பிறகு வரும் ஹோஸில் தற்காலிகமாக ஒளி ஊடுருவும் குழாயை இணைத்தால், இன்ஜின் ஓடும்போது குமிழ்கள் தெரிகிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

6. அடுத்து கேஜ் வைத்துக் குறைந்த அழுத்தப் பகுதியை அளக்க வேண்டும். தள்ளும் வகை, உறிஞ்சும் வகை இரண்டுக்கும் அளவு வேறு. அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

இதுவரை எல்லாம் சரியாக இருந்தால்தான் உயர் அழுத்தப் பகுதியைத் தொட வேண்டும்.

பி0087 கோடு வந்தால் பம்ப் மாற்ற வேண்டுமா?

ஸ்கேனரில் வரும் 'பி0087' என்ற கோடுக்கு, ரெயிலில் அழுத்தம் தேவையைவிடக் குறைவு என்று மட்டுமே பொருள். ஏன் குறைவு என்பதை அது சொல்லாது. ஜுரம் இருக்கிறது என்று தெர்மாமீட்டர் காட்டும். என்ன நோய் என்று காட்டாது. அதுபோலத்தான் இதுவும்.

ஸ்கேனரில் பார்க்க வேண்டியது இரண்டு எண்கள். கணினி கேட்கும் அழுத்தம், உண்மையில் கிடைக்கும் அழுத்தம். வண்டியை ஓட்டியபடி இரண்டையும் பதிவு செய்தால், எந்த நேரத்தில் இடைவெளி விழுகிறது என்பது தெரியும். வண்டி நெடுநேரம் அணைந்திருந்த பிறகு சாவியை மட்டும் ஆன் செய்தால் ரெயில் அழுத்தம் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அப்படி இல்லாவிட்டால் சென்சார் அல்லது ஒயரிங் மீது சந்தேகம் வரும்.

அடுத்தது இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனி பாட்டிலில் விட்டு இன்ஜினை ஓட்டுவார்கள். ஒரு பாட்டில் மட்டும் மற்றவற்றைவிட வேகமாக நிறைந்தால், அழுத்தத்தைக் கசிய விடுவது அந்த இன்ஜெக்டர்தான். நான்கையும் மாற்ற வேண்டியதில்லை. எல்லா பாட்டிலும் சரியாக இருந்து, கட்டுப்பாட்டு வால்வும் சரியாக வேலை செய்தால், கடைசியாகத்தான் பம்ப் மீது பழி விழ வேண்டும்.

இதை மட்டும் செய்யாதீங்க

பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில், ஏர் எடுக்க இன்ஜெக்டர் பைப் நட்டை லூஸ் செய்துவிட்டு செல்ஃப் அடிப்பது வழக்கம். 2005-ல் வந்த டாடா ஏஸின் 702 சிசி இன்ஜின் அந்த வகைதான். அதே பழக்கத்தைக் காமன் ரெயில் வண்டியில் காட்டினால் உயிருக்கே ஆபத்து. பீய்ச்சி அடிக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் அதிகம் இருக்காது. ஆனால் உள்ளே திசுக்கள் அழுகத் தொடங்கும். அப்படி நடந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கவும் கூடாது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்ப்பதும் தவறு. சாவியைத் திருப்பாமல் டோ செய்து, டேங்க், ஃபில்டர், இன்ஜின் ஆயிலைச் சோதித்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஜி.எஸ்.டி ரோட்டில் நின்றுவிட்டால்?

வண்டி திணறத் தொடங்கியதுமே இடது ஓரத்துக்கு வந்துவிடுங்கள். முழுவதும் அணைந்தால் பவர் ஸ்டீயரிங், பிரேக் உதவி இரண்டும் குறையும். ஹசார்டு விளக்கைப் போட்டு, முக்கோண எச்சரிக்கைப் பலகையைப் பின்னால் வைத்து, சாலையை விட்டு ஒதுங்கி நில்லுங்கள். தேசிய நெடுஞ்சாலைகளில் உதவிக்கு 1033-ஐ அழைக்கலாம்.

மெக்கானிக்கிடம் கேட்க 3 கேள்விகள்

* 'ஃபில்டர் டீசலைப் பாட்டில்ல பிடிச்சுப் பார்த்தீங்களா?'
* 'கேட்ட பிரஷர் எவ்வளவு, கிடைச்ச பிரஷர் எவ்வளவு?'
* 'ரிட்டர்ன் டெஸ்ட்ல எந்த இன்ஜெக்டர் அதிகம் விட்டுச்சு?'

மூன்றுக்கும் பதில் இருந்தால் சரியான கையில் வண்டி இருக்கிறது. இல்லையென்றால், பம்ப்பைக் கழற்றச் சொல்வதற்கு முன் இன்னொரு மெக்கானிக்கிடமும் காட்டிவிடுவது நல்லது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஃபில்டரில் தண்ணீரை வடித்து, மேனுவல் சொல்லும் கிலோமீட்டரில் ஃபில்டரை மாற்றி, டேங்கைக் கால் பங்குக்குக் கீழே விடாமல் ஓட்டினால் இந்தக் கேள்விகளைக் கேட்கும் அவசியமே பெரும்பாலும் வராது.