பிடிடி சோதனைகளில் படிகளின் சொல்லொழுங்கு

மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை முதலில் எளிய வாக்கியங்களில் எழுதி, அந்த வாக்கியங்களையே சோதனைகளாக ஓட்டிப் பார்க்கும் முறை பிஹேவியர் டிரிவன் டெவலப்மென்ட், சுருக்கமாக பிடிடி. ஒரு வாக்கியம் ஒரு படி; படிகள் சேர்ந்தால் ஒரு காட்சி. ஒரே செயலை எல்லாக் காட்சிகளிலும் ஒரே வாக்கியத்தால் சொல்வதே சொல்லொழுங்கு.

பிரிட்டனைச் சேர்ந்த டான் நார்த் 2003 வாக்கில் இம்முறைக்கு வடிவம் கொடுக்கத் தொடங்கினார். கிவன், வென், தென் என்ற முப்பகுப்பை, அதாவது முன்நிலை, நிகழ்வு, விளைவு என்ற அமைப்பை, அவரும் வணிகப் பகுப்பாய்வாளர் கிறிஸ் மாட்ஸும் உருவாக்கினார்கள். 2008இல் அஸ்லக் ஹெல்லசொய் எழுதிய குகம்பர் கருவியும் அதன் கெர்கின் மொழியும் இதைப் பரவலாக்கின.

குகம்பருக்குப் பொருள் தெரியாது; எழுத்துதான் தெரியும். ஒவ்வொரு படியையும் நிரலாளர் எழுதிய ஸ்டெப் டெஃபனிஷன்களோடு, அதாவது வாக்கிய வடிவத்தை நிரலோடு இணைக்கும் துண்டுகளோடு, ஒப்பிட்டு, பொருந்துவதை இயக்கும். 'வாடிக்கையாளர் 500 ரூபாய் எடுக்கிறார்' என்று ஒருவரும், 'பயனர் ரூ.500 பெறுகிறார்' என்று இன்னொருவரும் எழுதினால் அதற்கு அவை இரண்டு வேலைகள். இரண்டாவதற்கு டெஃபனிஷன் இல்லை என்று சொல்லி, புதிதாக ஒன்று எழுத மாதிரி நிரலையும் காட்டும். அவசரத்தில் இருப்பவர் அதை அப்படியே ஒட்டிவிடுவார். ஒரே செயலுக்கு இரண்டு நிரல்கள் வந்துவிடும். பணம் எடுக்கும் விதி மாறும்போது ஒன்றைத் திருத்திவிட்டு மற்றொன்றை மறந்துபோவார்கள்.

இதைவிடக் கொடிய பிழை ஒன்று உண்டு. பொருத்தம் பார்க்கும்போது குகம்பர் கிவன், தென் என்ற முன்சொற்களைக் கணக்கில் கொள்வதில்லை. 'கணக்கில் 500 ரூபாய் இருக்கிறது' என்ற வாக்கியம் முன்நிலையிலும் விளைவிலும் வந்தால், இரண்டு இடத்திலும் ஒரே நிரல்தான் ஓடும். அது கணக்கில் 500 ரூபாயைப் போடும் நிரல் என்றால், கடைசிப் படி இருப்பைச் சரிபார்க்காது. தானே பணத்தைப் போட்டுவிட்டுப் பச்சை விளக்கைக் காட்டும். பிழையுள்ள மென்பொருளும் தேறிவிடும். முன்நிலைக்கு 'இருக்கிறது', விளைவுக்கு 'இருக்க வேண்டும்' என்று வினைமுற்றை வகுத்துக்கொண்டால் இந்த ஆபத்து விலகும். பைத்தானில் இயங்கும் பிஹேவ் கருவி மூன்று வகைகளையும் தனித்தனியே பதிவுசெய்வதால் அங்கே இந்தச் சிக்கல் குறைவு.

கெர்கினின் முன்சொற்கள் தமிழிலும் உள்ளன: கொடுக்கப்பட்ட, எப்போது, அப்பொழுது. தமிழில் காட்சி எழுதுவோருக்கு வேற்றுமை உருபு தனிக் கவனம் கேட்கும். 'சென்னையில்', 'மதுரையில்' என்று எழுதினால் ஊர்ப்பெயரை மட்டும் பிரித்தெடுப்பது கடினம். மேற்கோளுக்குள் "சென்னை" என்று வைத்து 'கிளையில்' என்ற சொல்லைத் தொடர்ந்து எழுதினால், உருபு அந்தச் சொல்லோடு நின்றுவிடும். மேற்கோளுக்குள் எந்த ஊரும் பொருந்தும். எண்களிலும் எச்சரிக்கை தேவை: முழு எண்ணுக்கான அளவுரு 5000 என்பதை ஏற்கும், 5,000 என்பதை ஏற்காது.

சொல் வேறுபாடுகளை எல்லாம் விழுங்கும் அகலமான ரெகுலர் எக்ஸ்பிரஷனை, அதாவது எழுத்து வடிவங்களைப் பொருத்திப் பார்க்கும் குறியீட்டை, டெஃபனிஷனில் எழுதிச் சமாளிப்பவர்கள் உண்டு. அது தீர்வாகாது. ஒரே படிக்கு இரண்டு டெஃபனிஷன்கள் பொருந்தினால் குகம்பர் தெளிவின்மை என்று பிழை காட்டி நிறுத்தும். அப்படி நிற்காவிட்டாலும் குழப்பம் காட்சிகளிலேயே தங்கிவிடும். 'வாடிக்கையாளர்', 'பயனர்', 'கணக்குதாரர்' மூவரும் ஒருவரா என்பது வணிகத்தை அறிந்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. எரிக் எவன்ஸ் 2003இல் வெளியிட்ட டொமைன் டிரிவன் டிசைன் நூலும், குழு முழுவதும் ஒரே சொற்களைப் பேச்சிலும் நிரலிலும் ஆள வேண்டும் என்றே வற்புறுத்தியது.

நடைமுறையில் கைகொடுப்பவை சில. 'நீலப் பொத்தானை அழுத்துகிறார்' என்று திரையை விவரிக்காமல் 'பணம் எடுக்கக் கோருகிறார்' என்று நோக்கத்தை எழுதினால், படிகளின் எண்ணிக்கையே குறையும். குகம்பரின் யூசேஜ் அறிக்கை எந்த டெஃபனிஷன் எங்கே பயன்படுகிறது, எது பயன்படவே இல்லை என்று காட்டும். புதிய படி எழுதுமுன் அந்தப் பட்டியலை ஒருமுறை பாருங்கள்; தேவையான வாக்கியம் பெரும்பாலும் அங்கே ஏற்கெனவே இருக்கும்.