கடல் கடந்த மாணவரின் கல்விக்கு அளவுகோல் எது?
அமெரிக்க அரச பாடசாலைகளில் வகுப்பு நிர்ணயமும் மதிப்பலகு அங்கீகாரமும்

பிள்ளையொன்று தாய்நாட்டில் பத்தாண்டுகள் கற்ற கல்வியை, அது கடல் கடந்து சென்றதும் எவர் அளவிடுகிறார்? எந்த அளவுகோலைக் கொண்டு அளவிடுகிறார்? குடியேற்றத்தைப் பற்றிப் பேசுவோர் விசாவையும் தொழிலையும் வீட்டு வாடகையையும் பற்றி அதிகம் பேசுகின்றனர். இவ்வினாவை எழுப்புவோர் சிலரே. ஆயினும், பதினைந்து, பதினாறு வயதில் புதிய நாடொன்றிற்குச் செல்லும் மாணவரின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த அளவிடல்தான்.

ஐக்கிய அமெரிக்காவின் அரச பாடசாலைகளில் ஆங்கிலம் கற்போர் என வகைப்படுத்தப்பட்ட மாணவர்களின் தொகை சுமார் 50 இலட்சமாகும். இது அந்நாட்டின் அரச பாடசாலை மாணவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகும். இவர்களுள் பெரும்பாலானோர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். எஞ்சியோருள் ஆரம்ப வகுப்புகளில் சேர்வோருக்கு மொழியைக் கற்றுக்கொள்ளக் காலம் உண்டு. உயர்நிலை வகுப்புகளில் வந்து சேர்வோருக்கோ அந்தக் காலம் இல்லை. எனவே இக்கட்டுரையில் நாம் அவர்களின் நிலையையே முதன்மையாகக் கவனிக்கின்றோம்.

ஒரே நாடு, பல அளவுகோல்கள்

இலங்கையில் க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு யாழ்ப்பாணத்திலும் மாத்தறையிலும் ஒரே பொருளையே தரும். அமெரிக்காவில் இத்தகைய நாடளாவிய பரீட்சை கிடையாது. கல்வி என்பது அங்கு மாநிலங்களின் பொறுப்பாகும். மாநிலங்களும் அதிகாரத்தின் பெரும்பகுதியைப் பாடசாலை மாவட்டங்களிடம் விட்டுள்ளன. நாடு முழுவதிலும் 13,000க்கும் மேற்பட்ட பாடசாலை மாவட்டங்கள் உள்ளன. வெளிநாட்டுப் பாடசாலையின் பெறுபேற்றுப் பத்திரத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை நடைமுறையில் தீர்மானிப்பவை இவையே.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான நான்கு ஆண்டுகளில், குறிப்பிட்ட எண்ணிக்கையான 'கிரெடிட்'களைச் சேர்ப்பவருக்கே உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் வழங்கப்படும். எமது நாட்டில் 'திறமைச் சித்தி' எனப்படும் 'சி' தரத்தையும் ஆங்கிலத்தில் இதே சொல்லாலேயே குறிப்பிடுவதால், இரண்டும் ஒன்றெனப் பெற்றோர் மயங்கக்கூடும். எம்மவர் குறிப்பது பரீட்சையில் பெற்ற தரம். அமெரிக்கர் குறிப்பது வகுப்பறையில் செலவிட்ட காலமும் நிறைவுசெய்த பாடமும். மயக்கத்தைத் தவிர்க்கும்பொருட்டு, அமெரிக்க வழக்கிலுள்ளதை நாம் 'மதிப்பலகு' எனக் குறிப்பிடுவோம்.

இம்முறையின் வேர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உள்ளது. 1905ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கார்னெகி கல்வி மன்றம் கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்க முன்வந்தது. அதனைப் பெற விரும்பும் கல்லூரிகள் குறிப்பிட்ட அளவு உயர்நிலைக் கல்வியை முடித்த மாணவர்களையே அனுமதிக்க வேண்டுமென நிபந்தனையும் விதித்தது. அந்த அளவைக் கணக்கிடப் பிறந்ததே 'கார்னெகி அலகு'. ஒரு பாடத்தில் ஓராண்டில் சுமார் 120 மணித்தியால வகுப்பு ஓர் அலகாகும். ஓய்வூதியத்திற்காக வகுக்கப்பட்ட இந்தக் கணக்கு, ஒரு நூற்றாண்டு கடந்தும் அகதிப் பிள்ளையின் கல்வியை அளக்கும் கோலாக நிலைத்திருப்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று எனலாம்.

அலகின் பெயர் ஒன்றாயினும் கணக்கு இடத்துக்கிடம் வேறுபடுகின்றது. டெக்சாஸ் மாநிலத்தின் அடிப்படைத் திட்டத்திற்கு 22 மதிப்பலகுகள் தேவை. சிறப்புத் துறையொன்றையும் சேர்த்துக்கொண்டால் 26 தேவை. நியூயோர்க் நகரில் ஒவ்வொரு அரையாண்டுப் பாடத்தையும் ஓர் அலகாகக் கணக்கிடுவதால் 44 தேவைப்படுகின்றன. கலிபோர்னியாவில் மாநிலச் சட்டம் குறைந்தபட்சப் பாடங்களை மட்டுமே விதிக்கின்றது. அதற்கு மேல் மாவட்டங்கள் தத்தமது விருப்பப்படி சேர்த்துக்கொள்கின்றன.

கணக்கு எங்கே தவறுகின்றது?

எமது மாணவர் 'கணிதம்' என்ற ஒரே பாடத்தில் அட்சரகணிதம், கேத்திரகணிதம், புள்ளிவிபரவியல் ஆகிய அனைத்தையும் ஆண்டுதோறும் கலந்து கற்கின்றனர். பெரும்பாலான அமெரிக்கப் பாடசாலைகளிலோ முதலாம் அட்சரகணிதம், கேத்திரகணிதம், இரண்டாம் அட்சரகணிதம் என்பன ஒன்றன்பின் ஒன்றாக வரும் தனித்தனிப் பாடங்கள். 'கணிதம்' என்று மட்டும் எழுதப்பட்ட பத்திரத்தைக் காணும் ஆலோசகர் எதற்கு அலகு வழங்குவது? அட்டவணையில் அதற்குரிய இடத்தைக் காணாதவிடத்து அதனை விருப்பத்தெரிவுப் பாடமாகப் பதிந்துவிடுவது இலகுவானது. இவ்வாறு பதியப்பட்டால் மொத்த எண்ணிக்கை கூடும். ஆனால் கட்டாயப் பாடம் நிறைவேறாது. அம்மாணவர் தாம் அறிந்த அட்சரகணிதத்தை மீண்டும் முதலிலிருந்து கற்க வேண்டியவராகிறார்.

ஆங்கிலத்தின் நிலை இன்னும் கடினமானது. புதிதாக வந்தவர்களுக்கான ஆங்கில வகுப்பைச் சில மாநிலங்கள் ஆங்கிலப் பாட அலகாக ஏற்கின்றன. டெக்சாசில் அத்தகைய முதலிரு பாடங்கள் வழமையான ஆங்கிலத்தின் முதலிரு ஆண்டுகளுக்கு ஈடாகக் கொள்ளப்படலாம். வேறு இடங்களில் அது விருப்பத்தெரிவாக மட்டுமே கணக்கிடப்படலாம். மேலும், மொழி வகுப்புகள் நாளொன்றில் இரண்டு அல்லது மூன்று பாடவேளைகளை எடுத்துக்கொண்டால், இரசாயனவியலுக்கோ பௌதிகவியலுக்கோ இடமிருக்காது. மொழி தெரியாதவர் என்பது ஈற்றில் அறிவியல் தெரியாதவர் என்பதாக மாறிவிடுகின்றது.

வகுப்பு நிர்ணயம் எத்துணை பாரதூரமானது என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. கலிபோர்னியாவின் கிராமப்புற உயர்நிலைப் பாடசாலை ஒன்றை ஆராய்ந்து ரெபேக்கா கலஹன் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை, ஆங்கிலம் கற்கும் மாணவரின் கல்வி அடைவைக் கணிப்பதில் ஆங்கிலத் தேர்ச்சியை விட அவர் அமர்த்தப்பட்ட வகுப்பின் தரமே வலுவானது எனக் காட்டியது. மாணவரின் இயலாமை எனக் கருதப்படுவதிற் பெரும்பகுதி, அவருக்கு வழங்கப்பட்ட பாடத்தின் வறுமையாக இருக்கக்கூடும் என்பதே இதன் பொருள்.

வயது என்னும் எல்லை

இலவச அரச கல்விக்கான உச்ச வயது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடினும், பல மாநிலங்களில் அது 21ஐ அண்டியே உள்ளது. பதினேழு வயதில் வந்தவரின் முன்னைய கல்வி முழுவதும் தள்ளப்பட்டு ஒன்பதாம் வகுப்பில் அமர்த்தப்பட்டால், தடையின்றிக் கற்றாலும் அவர் சான்றிதழ் பெறும்போது 21 வயதை எட்டிவிடுவார். இடையில் குடும்பச் சுமை காரணமாக வேலைக்குச் செல்ல நேர்ந்தால் அதுவும் கைகூடாது.

இங்கு நிருவாகக் கணக்கொன்றும் ஒளிந்துள்ளது. நான்கு ஆண்டுகளில் சான்றிதழ் பெறுவோரின் வீதத்தைக் கொண்டு பாடசாலைகள் மதிப்பிடப்படுகின்றன. வெளியிலிருந்து வரும் மாணவர், சேரும் வகுப்பிற்குரிய தொகுதியிலேயே எண்ணப்படுவார். அவரை ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தால் பாடசாலைக்கு நான்கு ஆண்டுகள் கிடைக்கும்; பதினோராம் வகுப்பில் சேர்த்தால் இரண்டு ஆண்டுகளே கிடைக்கும். எந்த முடிவு பாடசாலைக்கு வசதியானது என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

நீதிமன்றங்கள் வகுத்த பாதை

இவ்விடயத்தில் மாணவருக்குள்ள பாதுகாப்பின் பெரும்பகுதி நீதிமன்றங்களினூடாகவே கிடைத்தது. 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் சட்டம் தேசிய பூர்வீகத்தின் அடிப்படையிலான பாரபட்சத்தைத் தடை செய்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் அறியாத சீன மாணவர் ஏறத்தாழ 1,800 பேர் எவ்வித விசேட உதவியுமின்றி வகுப்பில் அமர்த்தப்பட்டிருந்தனர். இது தொடர்பான லாவ் எதிர் நிக்கோல்ஸ் வழக்கில் 1974ஆம் ஆண்டு அமெரிக்க உயர் நீதிமன்றம் மாணவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஒரே நூலையும் ஒரே ஆசிரியரையும் வழங்குவது மட்டும் சமத்துவமாகாது என்பதே அதன் சாரம். அதே ஆண்டில் காங்கிரஸ் சமவாய்ப்புக் கல்விச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டபூர்வ வதிவிட அனுமதியற்ற பிள்ளைகளுக்கும் அரச பாடசாலை அனுமதியை மறுக்க முடியாதென 1982ஆம் ஆண்டின் பிளைலர் எதிர் டோ தீர்ப்பு உறுதி செய்தது.

இவற்றிற்கு இடையில், 1981ஆம் ஆண்டு சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று காஸ்தனேடா வழக்கில் மூன்று வினாக்களை வகுத்தது. பாடசாலையின் மொழித் திட்டம் கல்வியாளர் ஏற்கும் கோட்பாட்டில் அமைந்ததா? அதனை நடைமுறைப்படுத்தப் போதிய ஆசிரியரும் வளமும் உண்டா? காலப்போக்கில் மொழித் தடை உண்மையிலேயே நீங்கியதா? இன்றும் பாடசாலைகளை மதிப்பிடும் உரைகல் இதுவே.

இவ்வுரைகல்லின் வலிமையை 2017ஆம் ஆண்டின் லங்காஸ்டர் வழக்கு காட்டியது. பென்சில்வேனியாவிலுள்ள அம்மாவட்டம் 17 வயதிற்கும் 21 வயதிற்கும் இடைப்பட்ட அகதி மாணவர்களை, புதிதாக வந்தோருக்கான பிரிவைக் கொண்ட பிரதான உயர்நிலைப் பாடசாலைக்கு அனுப்பாது, தனியார் நிறுவனமொன்று நடத்திய துரித மாற்றுப் பாடசாலைக்கு அனுப்பியது. வயதெல்லைக்கு முன் அவர்களுக்கு மதிப்பலகுகளைச் சேர்த்துக் கொடுப்பதே நோக்கம் என வாதிடப்பட்டது. ஆனால் விளங்காத மொழியில் விரைந்து நடத்தப்படும் பாடம் மொழித் தடையை நீக்காது எனக் கண்ட மேன்முறையீட்டு நீதிமன்றம், மாணவரைப் பிரதான பாடசாலையில் சேர்க்குமாறு கீழ்நீதிமன்றம் இட்ட கட்டளையை உறுதி செய்தது.

இத்தீர்ப்பு எமக்கு உணர்த்துவது முக்கியமானது. கற்ற கல்விக்கு அலகு வழங்க மறுப்பது ஓர் அநீதி என்றால், கற்பிக்காமலே அலகை வழங்கி அனுப்பிவிடுவது மற்றோர் அநீதியாகும். முன்னையது மாணவரின் காலத்தைப் பறிக்கின்றது. பின்னையது சான்றிதழைக் கையில் கொடுத்து அறிவைப் பறிக்கின்றது.

மாற்று வழிகளும் மாறிவரும் சூழலும்

நியாயமான வழிகள் இல்லாமல் இல்லை. டெக்சாசில், முன்னர் கற்ற பாடத்திற்கான பரீட்சையில் 70 புள்ளிகளும், கற்காத பாடத்திற்கான பரீட்சையில் 80 புள்ளிகளும் பெறும் மாணவர் அலகைப் பெறலாம். பத்திரம் தொலைந்தவருக்கு அறிவே சாட்சியாகும் வழி இது. போரினால் ஆவணங்களை இழந்த பிள்ளைகளின் துயரம் எமது வாசகர்களுக்குப் புதிதல்ல. ஆதலால் இதன் பெறுமதியை அவர்கள் நன்குணர்வர். கலிபோர்னியா 2018ஆம் ஆண்டு இயற்றிய சட்டம், உயர்நிலைக் கல்வியின் இறுதி இரு ஆண்டுகளில் புதியோர் திட்டங்களில் கற்கும் மாணவருக்கு, மாவட்டங்கள் மேலதிகமாக விதித்த பாடங்களிலிருந்து விலக்கு கிடைக்க வழிசெய்தது. நியூயோர்க்கில் 1985ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சர்வதேச உயர்நிலைப் பாடசாலை, மொழியையும் பாடத்தையும் ஒருசேரக் கற்பிக்கும் முறைக்கு முன்னோடியாயிற்று.

எனினும் அண்மைக்காலச் சூழல் கவலைக்குரியது. ஆங்கிலம் கற்போரின் உரிமைகளை விளக்கி 2015 ஜனவரியில் சமஷ்டிக் கல்வித் திணைக்களமும் நீதித் திணைக்களமும் வெளியிட்ட வழிகாட்டல் 2025ஆம் ஆண்டு மீளப் பெறப்பட்டது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக அறிவிக்கும் ஜனாதிபதி ஆணையும் வெளியானது. வழிகாட்டல் நீங்கினாலும் 1964, 1974ஆம் ஆண்டுகளின் சட்டங்களை அது நீக்கிவிடாது. ஆனால் உரிமையை எடுத்துரைக்கும் குரல் தளரும்போது அதனைக் கேட்டுப் பெறும் பொறுப்பு பெற்றோரின் தோளிலேயே விழுகின்றது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

இங்கிருந்து செல்லும் குடும்பங்கள் பாடசாலை விடுகைப் பத்திரத்தையும் பரீட்சைத் திணைக்களச் சான்றிதழையும் மட்டும் எடுத்துச் செல்வது போதாது. ஒவ்வோர் ஆண்டினதும் முன்னேற்ற அறிக்கை, வாரத்திற்கு எத்தனை பாடவேளைகள் என்ற அதிபரின் கடிதம், ஆங்கிலத்திலுள்ள பாடத்திட்டம் ஆகியனவும் அவசியம். 'கணிதம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அட்சரகணிதமும் கேத்திரகணிதமும் உள்ளன என்பதை அந்தப் பாடத்திட்டமே நிரூபிக்கும்.

பாடசாலையில் சேர்ந்தபின், எத்தனை அலகுகள் வழங்கப்பட்டன என்று கேட்பதோடு நில்லாது, அவை எந்தப் பாடங்களுக்கு வழங்கப்பட்டன என்றும் கேட்க வேண்டும். எழுத்தில் பதில் பெறுவது நன்று. மொழி மதிப்பீட்டின் முடிவையும் பிள்ளை அமர்த்தப்பட்ட திட்டத்தையும் பாடசாலை பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும் என்பது சமஷ்டிச் சட்டம். ஆண்டின் தொடக்கத்திலிருந்தே கற்பவருக்கு இதற்கான காலம் 30 நாட்களாகும். குறிப்பிட்ட மொழித் திட்டத்தை ஏற்க மறுக்கும் உரிமையும் பெற்றோருக்கு உண்டு. ஆயினும் அவசரப்பட்டு மறுப்பது பிள்ளைக்கு உதவாது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

மாணவர் ஒருவரை ஈராண்டு பின்தள்ளுவது பதிவேட்டில் ஒரு வரிதான். ஆனால் அந்த ஈராண்டில் ஒருவர் பொறியியலாளராகும் வாய்ப்பையோ, படிப்பையே தொடரும் மனத்துணிவையோ இழந்துவிடலாம். வந்தவருக்குத் தெரியாததை மட்டும் அளக்கும் பாடசாலை, அவருக்குத் தெரிந்ததையும் அளக்கக் கடமைப்பட்டுள்ளது. அந்தக் கடமையை நினைவூட்டுவது பெற்றோரின் உரிமையும் கல்வியில் அக்கறையுள்ள அனைவரின் பொறுப்புமாகும் என்பதே எமது நிலைப்பாடாகும்.