குடியிருப்போரும் கோவிலும்: ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் வாடகை வரலாறு

கோவில் இல்லாத ஊரில் குடியேற நம் முன்னோர் தயங்கினர். கடல் கடந்து சென்ற இடங்களிலும் இறைவனுக்கு ஓர் இடம் அமைத்து, அதன் அருகிலேயே வாழ விரும்பினர். இதனை நாம் பெருமையுடன் பேசி வருகிறோம். ஆயினும் இச்செய்திக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. குடியிருப்போர் இல்லாத தெருவில் கோவில் எவ்வாறு விளங்கும்? பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் நகரில், கடலுக்கு மிக அருகில், சில தெருக்களுக்குள் அடங்கிய ஒரு சிறு வட்டாரத்தின் வரலாறு இவ்வினாவை நம் முன் வைக்கின்றது.

கடலோரத்தில் எழுந்த குடியிருப்பு

1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் பினாங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் கைக்கொண்டார். கோட்டைக்கு அருகே லைட் தெரு, கடற்கரைத் தெரு, சூலியா தெரு, பிட் தெரு ஆகியவற்றை எல்லைகளாகக் கொண்டு ஒரு சிறு நகரம் வகுக்கப்பட்டது. அக்கட்டத்திற்குள் அமைந்தவையே குயின் தெரு, கிங் தெரு, பினாங்குத் தெரு, பாசார் தெரு முதலியன. சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழர்கள் கடைக்காரராகவும் கூலிகளாகவும் ஏறத்தாழ ஆயிரம் பேர் அங்கு இருந்ததை லைட் தம் அறிக்கையில் குறித்துள்ளார்.

1801இல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தோன்றியது. 1833இல் குயின் தெருவில் ஸ்ரீ மகா மாரியம்மன் திருக்கோவில் எழுந்தது. சீனர்களின் குவான் இன் கோவில், புனித ஜார்ஜ் தேவாலயம் ஆகியவையும் சில நிமிட நடைத் தொலைவிலேயே உள்ளன. இத்துணை நெருக்கத்தில் இத்தனை வழிபாட்டு இடங்கள் அமைந்ததற்குக் காரணம், இத்துணை நெருக்கத்தில் மக்கள் வாழ்ந்தமையே ஆகும்.

கிங் தெருவின் ஒரு பகுதியைத் தமிழர்கள் படகுக்காரத் தெரு என்று அழைத்தனர். 1904இல் சுவெட்டன்ஹாம் துறைமேடை திறக்கப்படுவதற்கு முன், பெரிய கப்பல்கள் நீரிணையின் நடுவில் நங்கூரமிட்டு நின்றன. சரக்கைப் படகுகளில் ஏற்றிக் கரை சேர்த்தவர்களுள் தமிழர் பலர் இருந்தனர். கப்பல் வரும் வேளையை மனிதர் முடிவு செய்ய இயலாது. எனவே அழைத்தவுடன் ஓடிச் செல்லும் தொலைவில் தங்குவது அவர்களுக்குத் தேவையாயிற்று. பினாங்குத் தெருவில் நகரத்தார் தங்கள் கிட்டங்கிகளை அமைத்து வட்டித்தொழில் நடத்தினர். கடற்கரைத் தெருவுக்கு அப்பால் 1880களில் கடல் தூர்க்கப்பட்டு வெல்டு கீ உருவானது. அதனால்தான் அத்தெருவின் பெயரில் கடற்கரை இருந்தும் இன்று அங்குக் கடல் இல்லை.

ஒரு கூரை, பல குடித்தனங்கள்

இவ்வட்டாரத்தின் வீடு என்பது கடைவீடு. முகப்பு குறுகியது, உட்புறம் நீண்டது. பக்கச் சுவரை அண்டை வீட்டாருடன் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்பது. நடுவே காற்றும் வெளிச்சமும் மழையும் இறங்கும் திறந்த முற்றம் இருக்கும். முன்புறம் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்க உதவும் காக்கி லீமா.

கீழே கடை, மேலே குடியிருப்பு என்பது பொது வழக்கு. ஆனால் நடைமுறையில் மேல்தளம் பலகைத் தடுப்புகளால் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டது. வீட்டு உரிமையாளரிடம் முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்தவர் தலைமைக் குடித்தனக்காரர். அவரிடம் அறை எடுத்தோர் உள்குடித்தனக்காரர். தனித்து வந்த ஆடவர் பலர் ஓர் அறையின் வாடகையைப் பங்கிட்டுக்கொண்டனர். ஒரே சமையற்கட்டு, ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே படிக்கட்டு. இந்நெருக்கடியில் துன்பமும் இருந்தது. நோயுற்றவருக்குக் கஞ்சி வைக்கவும், ஊருக்குப் பணம் அனுப்பக் கடிதம் எழுதித் தரவும் பக்கத்து அறையில் ஆள் இருந்ததும் உண்மையே.

வாடகைக் கட்டுப்பாடு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுப் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. உரிமையாளர்கள் விரும்பியவாறு வாடகையை உயர்த்தாதிருக்க அரசு சட்டம் இயற்றியது. அதன் வளர்ச்சியாக வந்ததே 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948 ஜனவரி 31ஆம் நாள் வரை கட்டி முடிக்கப்பட்ட கட்டடங்களுக்கு அது பொருந்தியது. வாடகை மிகக் குறைந்த அளவில் நின்றது. சட்டம் கூறும் காரணமின்றி எவரையும் வெளியேற்ற முடியாது. நாட்டிலேயே இச்சட்டத்தின் கீழ் மிகுதியான கட்டடங்கள் இருந்த இடம் பினாங்கு ஆகும்.

இச்சட்டம் இருமுனைக் கத்தி போன்றது. பூக்கட்டுவோர், மளிகைக் கடைக்காரர், பொற்கொல்லர், தையற்காரர், துறைமுகத் தொழிலாளர் ஆகியோர் நகரின் நடுவில் தொடர்ந்து வாழ இதுவே துணை நின்றது. இடித்துவிட்டு உயர்ந்த கட்டடம் எழுப்ப உரிமையாளரால் எளிதில் இயலாததால் பழைய வீடுகளும் நிலைத்தன. மறுபுறம், வரும் வாடகை கூரை ஓட்டை மாற்றவும் போதவில்லை. உரிமையாளர் பழுது பார்க்கவில்லை. குடித்தனக்காரர் தமக்குச் சொந்தமில்லாத வீட்டில் செலவிடவும் தயங்கினர். உத்தரங்கள் உளுத்தன, சுவர்களில் செடி முளைத்தது. பினாங்கு 1969இல் தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்ததும், துறைமுக வேலையும் குறைந்தது. 1970களில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை இளைஞர்களை அழைத்துக்கொண்டது. முதியோரே பெரும்பாலும் பழைய தெருக்களில் எஞ்சினர்.

2000ஆம் ஆண்டின் விடியல்

1997இல் நாடாளுமன்றம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கியது. இடைக்கால ஏற்பாடு 1999 டிசம்பர் 31ஆம் நாளுடன் முடிவுற்றது. உலகம் புத்தாயிரத்தை வாண வேடிக்கையுடன் வரவேற்ற அந்நாளில், ஜார்ஜ்டவுனின் பல குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தன. வாடகை பன்மடங்கு உயர்ந்தது. இரண்டு மூன்று தலைமுறையாக ஒரே முகவரியில் இருந்தோர் புறநகர் அடுக்குமாடிகளுக்குச் சென்றனர். உரிமையாளரைக் குறை கூறுவதும் முறையன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சமூகத்தின் வீட்டுச் சுமையைத் தாம் மட்டும் சுமந்ததாக அவர்கள் கருதினர். ஆயினும் சுமை ஒரே நாளில் ஏழைக் குடித்தனக்காரர் தோளுக்கு மாறியது என்பதை மறுக்க இயலாது.

வெறுமையான வீடுகள் சிலவற்றில் மனிதருக்குப் பதிலாகப் பறவைகள் குடியேற்றப்பட்டன. கூட்டுக்காக வளர்க்கப்பட்ட உழவாரக் குருவிகளுக்கு ஒலிபெருக்கிகள் இரவும் பகலும் இசைத்தன. 2008 ஜூலை 7ஆம் நாள் ஜார்ஜ்டவுன், மலாக்காவுடன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் பின் குருவி வளர்ப்பு தடை செய்யப்பட்டு, 2013ஆம் ஆண்டளவில் அப்பகுதியிலிருந்து அகற்றப்பட்டது. பெருமையுடன் தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன. நில விலையும் வாடகையும் மீண்டும் உயர்ந்தன. ஏறத்தாழ 259 ஹெக்டேர் பரப்புள்ள அப்பாரம்பரியப் பகுதியில் 2009இல் சுமார் 10,000 பேர் வாழ்ந்தனர். 2013இல் அது சுமார் 9,400 ஆகக் குறைந்தது. சுவர்கள் காப்பாற்றப்பட்டன, சுவர்களுக்குள் இருந்தவர்கள் குறைந்தனர்.

கோவிலுக்கு இதனால் என்ன?

திருவிழா நாட்களில் கூட்டத்திற்குக் குறைவில்லை. விசயதசமியன்று அம்மன் தேர் வலம் வரும் வேளையிலும், தைப்பூசத்திற்கு முதல் நாள் இரதம் புறப்படும் வேளையிலும் பல ஊர்களிலிருந்து பக்தர்கள் திரள்கின்றனர். ஆனால் கோவில் என்பது திருவிழா நாள் மட்டுமன்று. விடியற்காலை மணியோசை கேட்டு எழுபவர், பள்ளி செல்லும் வழியில் கைகூப்பும் சிறுவர், மாலையில் விளக்கேற்ற எண்ணெய் கொண்டு வரும் மூதாட்டி ஆகியோரே கோவிலின் அன்றாட உயிர். அவர்கள் நடந்து வரும் தொலைவில் வாழ்ந்தால்தான் அது இயலும். காரில் வந்து நிறுத்த இடம் தேடும் பக்தர், ஆண்டுக்குச் சில முறை மட்டுமே வருவார்.

இங்கு ஓர் உண்மையை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். ஜார்ஜ்டவுனின் பழைய வீடுகளில் பல தனியாருக்கு மட்டும் உரியவையல்ல. சீனக் குலச் சங்கங்கள், பள்ளிவாசல் வக்கப் சொத்துகள், இந்து அறக்கட்டளைகள் ஆகியவையும் வீட்டு உரிமையாளர்களே. முன்னோர் அவ்வீடுகளை எழுதி வைத்தபோது, அவற்றின் வாடகையால் பூசை நடக்க வேண்டும் என்று விரும்பினர். அவ்விருப்பம் போற்றத்தக்கது. ஆனால் மிகுதியான வாடகை தரும் விடுதிக்கு வீட்டை அளித்து, அப்பணத்தால் ஆளில்லாத தெருவில் பூசை நடத்துவதா? அல்லது நியாயமான வாடகைக்குப் பூக்காரக் குடும்பம் ஒன்றையோ ஓதுவார், நாதசுர இசைஞர் குடும்பத்தையோ மேல்தளத்தில் குடியமர்த்தி, பழுது பார்க்கும் பொறுப்பை இரு தரப்பும் பகிர்ந்துகொள்வதா? வாடகைக் கட்டுப்பாட்டின் வரலாறு இரு பாடங்களைத் தருகின்றது. வாடகை மிகக் குறைந்தால் வீடு விழும். மிக உயர்ந்தால் குடி போகும். இவ்விரண்டிற்கும் இடையில் ஓர் அளவைக் காண்பது சட்டத்தைவிட அறநிலையங்களுக்கே எளிது. ஏனெனில் அவற்றின் கணக்கில் பணம் மட்டுமே வரவு அன்று.

நம் நாட்டின் எந்நகரிலும் கடைவீடுகளுக்கு நடுவே அமைந்த கோவில்களுக்கு இவ்வரலாறு பொருந்தும். கோபுரத்தைப் புதுப்பிக்கும் வேளையில், அதன் நிழலில் யார் குடியிருக்கின்றனர் என்பதையும் நிருவாகத்தினர் எண்ணிப் பார்த்தல் நலம். குடியும் கோவிலும் ஒன்றையொன்று தாங்கி நிற்க அன்னை அருள்புரிவாளாக!