காற்று ஓரிடம், உரிமை ஓரிடம்: கடலூர் – சிதம்பரம் கடலோர ஊராட்சிகளும் காற்றாலை மின்சாரமும்

எரிபொருள் செலவு மிகுந்த ஊர்களுக்குக் காற்றாலை மின்சாரம் என்றாலே, அந்தந்த ஊரில் கோபுரம் நடுவதைப் பற்றித்தான் பேச்சு எழுகிறது. கடலூர் முதல் பரங்கிப்பேட்டை, கிள்ளை வரையுள்ள கடலோரத்துக்கு அது ஏற்ற வழியன்று. காற்றுவளம் மிக்க இடத்தில் ஊராட்சிகளே காற்றாலைக்கு உரிமையாளராவதுதான் பொருத்தம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மின்கம்பி எட்டாத ஊருக்கு உள்ளூர் உற்பத்தி தவிர வேறு வழியில்லை. யாழ்ப்பாணக் கடலில் உள்ள நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை டீசல் மின்னாக்கிகளை நம்பியிருந்தவை. இம்மூன்றிலும் கலப்பு மின்நிலையங்கள் அமைக்க, 1 கோடியே 10 லட்சம் டாலர் இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச் 1 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. திட்டத்தில் காற்றின் பங்கு 530 கிலோவாட். சூரிய ஒளியின் பங்கு 1,700 கிலோவாட். அவற்றோடு 2,400 கிலோவாட் மணி மின்கலமும், 2,500 கிலோவாட் டீசல் காப்பும் உண்டு. தீவிலும் காற்று தனித்து நிற்க முடியவில்லை என்பதை இக்கணக்கே காட்டுகிறது.

கடலூர்க் கரையின் நிலை வேறு. இங்கே மின்கம்பி வந்துவிட்டது. படகு எரிக்கும் டீசலைக் காற்றாலை குறைக்காது. ஆனால் குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் ஊராட்சி கட்டும் மின்கட்டணத்தைக் குறைக்கும். காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவது; நொடிக்கு 5 மீட்டர் வீசும் இடத்தைவிட 7 மீட்டர் வீசும் இடத்தில் அது ஏறத்தாழ 2.7 மடங்கு. ஆரல்வாய்மொழிக் கணவாயும் பாலக்காட்டுக் கணவாயும் பெற்ற காற்றுவளம் இக்கரைக்கு இல்லை.

காற்றுள்ள வேறிடத்தில் காற்றாலை வாங்கும் வழியில் முன்னோடி, மேட்டுப்பாளையம் அருகிலுள்ள ஓடந்துறை ஊராட்சி. ஆர். சண்முகம் தலைவராக இருந்தபோது, ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலையை 2006இல் அது வாங்கியது. காற்றாலை நின்றது ஊரில் அன்று. உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில். ஆண்டு உற்பத்தி சுமார் 6.75 லட்சம் யூனிட். ஊராட்சியின் தேவை சுமார் 4.5 லட்சம். மிச்சம் வருவாயாயிற்று.

தொலைவில் விளையும் மின்சாரம் புயல் நாளில் உதவுமா என்ற மறுப்பு நியாயமானது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் பண்ருட்டியின் முந்திரி, பலா மரங்களோடு மின்கம்பங்களையும் சாய்த்தது. கம்பி அறுந்தால் மைவாடி மின்சாரமும் வராது. ஆகவே குடிநீர்த் தொட்டி மோட்டாருக்கும் புயல் பாதுகாப்பு மையத்துக்கும் மின்கலத்தோடு கூடிய சூரியத் தகடுகள் உள்ளூரிலேயே வேண்டும். அவை காற்றாலைக்கு மாற்றல்ல; துணை.

சிறு ஊராட்சி தனியே கடன் சுமக்க இயலாது. ஊராட்சி ஒன்றிய அளவில் பல ஊராட்சிகள் கூடிக் காற்றாலை வாங்க அரசு கடன் உத்தரவாதம் தர வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் விளையும் மின்சாரத்தை ஆண்டு முழுவதற்கும் கணக்கில் வரவு வைக்கும் சலுகையும் அவற்றுக்கு வேண்டும். இவ்விரண்டும் இல்லாமல் ஓடந்துறையைப் புகழ்வதால் கடலோர ஊராட்சிகளுக்குப் பயனில்லை.