ஜாகுவார் இன்ஜினுக்குள் ஒரு டைட்டானியத் தட்டு



கொல்லுப்பட்டறையில் பார்த்திருப்பீர்கள். உலையிலிருந்து எடுத்த இரும்பை அடைகல்லில் வைத்ததும் கல் படுகிற பக்கம்தான் முதலில் கறுக்கும். சூட்டைக் கல் இழுத்துக்கொள்கிறது. இரும்பு பொறுத்துக்கொள்ளும். டைட்டானியம் அப்படி அல்ல. 900 டிகிரி வாக்கில் வளைந்து கொடுப்பது, சற்று ஆறினாலும் முரண்டு பிடிக்கும், வெடிப்பு விடும். அதனால் பருமனாக அடித்துவிட்டு, மிச்சத்தை லேத்தில் சீவித் தள்ளுவார்கள். பட்டு நெய்து பாதியை வெட்டி எறிந்த கதை. நம் ஜலகண்டாபுரம் நெசவாளிக்கு மனசு வருமா?

இதற்கு ஒரு வழி உண்டு. அச்சையும் உலோகத்தின் சூட்டுக்கே கொண்டுவந்து, ஓங்கி அடிக்காமல் மெதுவாக அழுத்துவது. ஐசோதெர்மல் ஃபோர்ஜிங் என்று பெயர். வடிவம் கிட்டத்தட்ட முழுதாகவே வரும், சீவல் குறையும். ஆனால் அந்தச் சூட்டில் அச்சு இளகக் கூடாதே! சிக்கலே அதுதான். உலகில் சில நாடுகளிடம் மட்டுமே இந்தக் கைவேலை இருந்தது.

நம் விமானப்படையின் ஜாகுவார், ஹாக் விமானங்களில் இருப்பது அடோர் இன்ஜின். பெங்களூரு எச்.ஏ.எல். அதை உரிமம் பெற்றுச் செய்கிறது. அதன் கம்ப்ரசர் தட்டுகளைக் குறிப்பிட்ட அளவு ஓடியதும் மாற்றியே ஆகவேண்டும். ஜாகுவாரை இன்று பறக்கவிடுவது இந்தியா மட்டும்தான். உதிரிபாகத்துக்குப் பிறர் கையை எத்தனை நாள் எதிர்பார்ப்பது?

ஹைதராபாத்தின் டி.எம்.ஆர்.எல். ஆய்வகம் 2000 டன் அழுத்த இயந்திரத்தில் ஐந்து நிலைத் தட்டுகளையும் செய்து காட்டியது. 2021 மே மாதம் டி.ஆர்.டி.ஓ. இதை அறிவித்தபோது, அந்த ஆய்வகமும் மிதானி நிறுவனமும் சேர்ந்து சுமார் 200 தட்டுகளை எச்.ஏ.எல்.லுக்குக் கொடுத்திருந்தன.

1830களில் சேலத்து இரும்புத் தாதுவை நம்பி ஹீத் என்ற வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டையில் ஆலை நடத்தினார். அந்த இரும்பு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. டைட்டானியத் தாது நம் மணவாளக்குறிச்சி மணலிலேயே இருக்கிறது. தாதுவைப் பஞ்சு உலோகமாக்கும் ஆலை கேரளத்துச் சவராவில் வந்தது 2011இல்தான். அதற்கான தொழில்நுட்பமும் இதே ஆய்வகத்துடையது.

ஓசூர், பெங்களூரு பக்கம் டை வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள், அந்தச் சூட்டுக்கு அச்சு எப்படித் தாங்குகிறது என்று எழுதுங்கள்.