வாய்க்காலும் கப்ளானும்

விழா மலருக்குக் கட்டுரை கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது, எங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்ட்தான். பழைய டிரம்மை வெட்டி இறக்கை செய்து, நாங்கள் நாலு பேர் ஒரு பாசன வாய்க்காலில் சக்கரம் இறக்கினோம். சக்கரம் சுற்றியது, 40 வாட் பல்பு எரியவில்லை! வேடிக்கை பார்த்த பெரியவர், "தம்பி, தண்ணிக்கு ஓடவே தெம்பில்லை, உங்களுக்கு எங்கேர்ந்து கரண்ட் குடுக்கும்?" என்றார்.

ரிப்போர்ட்டில் பல்பு எரிந்ததாக எழுதிவிடலாமா என்று ஹாஸ்டலில் பெரிய விவாதம். விஷயம் எப்படியோ எங்கள் சார் காதுக்குப் போனது. திட்டவில்லை. "போய் கப்ளான் கதையைப் படிச்சிட்டு வாங்கப்பா" என்றார். நூலகத்தில் தேடிப் படித்த அந்தக் கதை இதுதான்.

விக்டர் கப்ளான் 1876-ல் ஆஸ்திரியாவில் பிறந்தவர்; புருனோ நகரத் தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர். மலையிலிருந்து விழும் நீருக்குப் பெல்டன் சக்கரம் இருந்தது. நடுத்தர உயரத்துக்குப் பிரான்சிஸ் டர்பைன் இருந்தது. சமவெளி ஆற்றின் இரண்டு மூன்று மீட்டர் விழுச்சிக்கு இரண்டும் சரிப்படவில்லை. கப்பலின் உந்துவிசிறி போலச் சில இறக்கைகளை மட்டும் வைத்து, நீரின் அளவுக்கேற்ப அவற்றைத் திருப்பிக்கொள்ளும்படி அமைத்தார் கப்ளான். 1919-ல் வெல்ம் என்ற ஊரின் நூற்பாலையில் முதல் டர்பைன் ஓடியது. 1952 வரை உழைத்த அது, பிறகு வியன்னா அருங்காட்சியகத்துக்குப் போனது.

இடையில் பெரிய சோதனை. வேகமாகச் சுழலும் இறக்கையின் பின்புறம் அழுத்தம் குறைந்து நீராவிக் குமிழிகள் தோன்றி உடைந்தன. டர்பைனின் திறன் குறைந்தது, உலோகமும் அரித்தது. 1922-ல் கப்ளான் நோயில் விழுந்தார். ஆனாலும் குறையை மூடி மறைக்காமல் ஆராய்ந்ததால்தான், 1925-26-ல் ஸ்வீடனின் லில்லா எடெட் நிலையத்தில் 5.8 மீட்டர் விட்டமுள்ள டர்பைன் ஓடியது.

நம் காவிரியிலும் அதே வம்சம்தான். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை ஆகிய நான்கு கதவணைகளில், ஒவ்வொன்றிலும் இரண்டு 15 மெகாவாட் குமிழ் டர்பைன்கள். மொத்தம் 120 மெகாவாட்.

கதையைப் படித்துவிட்டுப் போனதும் சார் கேட்டார்: "அவருக்கு ரெண்டு மீட்டர் விழுச்சியாவது இருந்துச்சு. உங்களுக்கு?" வாய்க்காலுக்கு ஓடினோம். ஒரு இலையை மிதக்கவிட்டுப் பார்த்தோம். 10 மீட்டர் போக 20 விநாடி! நொடிக்கு 1 மீட்டர் ஓடும் நீரில் ஒரு சதுர மீட்டருக்கு 500 வாட் உண்டு. வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்கு, அதாவது 62 வாட்தான். எங்கள் சக்கரத்தின் முகம் அரை சதுர மீட்டர். ஆக 31 வாட். அதிலும் கொள்கையளவில்கூட 59 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்பது பெட்ஸ் விதி. உராய்வு போக, கையில் மிஞ்சுவது சொற்பம்.

அதையே ரிப்போர்ட்டில் எழுதினோம்: "பல்பு எரியவில்லை, காரணம் பின்வருமாறு."

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே! மலிவு மின்சாரம் எடுக்க ஆற்றில் இறங்குங்கள், தாராளமாக. ஆனால் டிரம்மை வெட்டுவதற்கு முன்னால் ஒரு இலையை மிதக்கவிட்டுப் பாருங்கள். எங்களுக்கு அது கடைசியில்தான் தோன்றியது.