தோப்பும் மதிலும்: எர்த்சீ நூல்களில் சமநிலைக் கருத்தின் வளர்ச்சி

ஒழுங்கு, குழப்பம் என இரண்டு பேராற்றல்கள். இடையில் அவற்றை நிறுத்துப் பார்க்கும் ஒரு தராசு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலத்தில் வந்த மிகுபுனைவுகள் பலவற்றின் அண்டவியல் இதற்குள் அடங்கிவிடும். போல் ஆண்டர்சனின் 'த்ரீ ஹார்ட்ஸ் அண்ட் த்ரீ லயன்ஸ்' (நூலாக 1961) இந்தப் பிரிவினைக்கு வழி திறந்தது. மைக்கேல் மூர்காக் தம் எல்ரிக் கதைகளில் அதை வளர்த்தெடுத்து, 'ஸ்டார்ம்பிரிங்கர்' (1965) நாவலின் முடிவில் வானத்திலேயே ஒரு தராசைத் தோன்றச் செய்தார். 1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று அதை விதியாகவே எழுதிவைத்தது.

உர்சுலா கே. லெ குவினின் (1929–2018) எர்த்சீ தீவுலகையும் இந்த வரிசையில் வைத்துப் பேசுவோர் உண்டு. அங்கும் சமநிலை என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அதைக் காக்கும் புனிதத் தீவு இருக்கிறது. ஒளியும் இருளும் எதிரெதிரே நிற்கின்றன. ஆனால் ஆறு நூல்களையும் வெளிவந்த வரிசையில் படித்தால், எர்த்சீயில் இரண்டு வேறு சமநிலைகள் இருப்பது தெரியவரும். ஒன்று ரோக் தீவிலுள்ள உள்ளுறைத் தோப்பில் உயிரோடு இருக்கிறது. மற்றது இறந்தோர் நாட்டின் எல்லையில் ஒரு தாழ்ந்த கற்சுவராக நிற்கிறது. முதல் மூன்று நூல்கள் இரண்டையும் ஒன்றாகவே கருதின. பிந்தைய மூன்றும் அவற்றைப் பிரித்து, சுவரின் சமநிலை மனிதர் செய்த ஏற்பாடு என்று காட்டின. பின்னூல்கள் முன்னூல்களைக் கைவிட்டுவிட்டன என்ற குற்றச்சாட்டு 1990 முதல் கேட்கிறது. தோப்பைப் பற்றி 1968இல் எழுதப்பட்ட பகுதிகளைக் கூர்ந்து படிப்பவர் அதை ஏற்கமாட்டார் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எர்த்சீயின் தொடக்கம் எளிமையானது. 1964இல் 'ஃபென்டாஸ்டிக்' இதழில் வந்த இரண்டு சிறுகதைகளில் தீவுகளும் மந்திரவாதிகளும் அரைகுறையாகத் தலைகாட்டினர். பின்னர் பெர்க்லியின் பர்னாசஸ் பதிப்பகத்தை நடத்திய ஹெர்மன் ஷைன் இளையோருக்கு ஒரு நூல் கேட்டபோது, அந்தத் தீவுகள் 'எ விஸார்ட் ஆஃப் எர்த்சீ' (1968) என்ற நாவலாக விரிந்தன. அதில் உலகம் சொல்லால் ஆனது. செகோய் என்பவர் தொன்மொழியில் பெயர் சொல்லித் தீவுகளைக் கடலிலிருந்து எழுப்பினார். அந்த மெய்ப்பெயர்களை அறிவதே மந்திரம். ஆகவே மந்திரம் எதுவும் தனித்து நிற்பதில்லை. ஒரு கூழாங்கல்லை மெய்யாகவே மாணிக்கமாக்கினால் உலகின் கட்டமைப்பே அந்த அளவுக்கு மாறிப்போகும். ஓரிடத்தில் மழையை வரவழைத்தால் வேறெங்கோ ஒரு தீவு காயக்கூடும். ரோக் தீவிலுள்ள பள்ளியில் ஒன்பது ஆசான்கள் கற்பிக்கும் பாடத்தின் சாரம் இதுதான்: செய்யத் தெரிந்ததனாலேயே ஒன்றைச் செய்துவிடக் கூடாது.

இங்கேயே மூர்காக்கின் வழியும் லெ குவினின் வழியும் பிரிந்துவிடுகின்றன. தராசில் இரண்டு தட்டுகளும் பகைவர் கையில் இருக்கின்றன. நாயகன் யார் பக்கம் சாய்வது என்று முடிவெடுக்கிறான். ரோக்கின் பாடத்தில் பகைவர் எவரும் இல்லை. சமநிலையைக் குலைப்பது ஆற்றல் படைத்தவரின் அவசரமும் ஆசையும்தான். கெட் என்னும் இளைஞன் தன் செருக்கால் ரோக் குன்றில் ஒரு நிழலை எழுப்பிவிடுகிறான். உலகில் ஏற்பட்ட அந்தப் பிளவை மூட முதிய தலைமை மந்திரவாதி நெம்மெர்ல் தம் உயிரைக் கொடுக்கிறார். பல கடல்களுக்கு அப்பால் அந்த நிழலுக்குத் தன் பெயரையே சூட்டித் தன்னோடு சேர்த்துக்கொள்ளும்போதுதான் கெட் மீள்கிறான். இருளை வென்றதாக அந்த நாவல் முடிவில் சொல்லவில்லை. இருளும் தனதே என்று அவன் ஒப்புக்கொண்டதைத்தான் சொல்கிறது.

இந்தச் சிந்தனையின் ஊற்று எங்கே? ஒரு பாதி விடையை லெ குவினே பலமுறை சொல்லியிருக்கிறார். அவருடைய தந்தை, மானிடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபர், பால் கேரஸ் 1898இல் வெளியிட்ட 'தாவோ தே ஜிங்' பதிப்பை வைத்திருந்தார். சிறுவயதிலிருந்தே அந்த நூலோடு பழகிய லெ குவின் 1997இல் தமது ஆங்கில வடிவத்தையும் வெளியிட்டார். செயலின்மையை ஆற்றலாகக் காணும் பார்வை ஓஜியான் என்னும் மௌனக் குருவின் வடிவில் எர்த்சீக்குள் வந்து சேர்ந்தது. மழையில் நனையும்போதும் மேகத்தை விலக்கச் சொல்லாமல் நடந்து போகிறவர் அவர்.

மறுபாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. குரோபரும் ஈ. டபிள்யூ. கிஃபர்டும் 1949இல் 'வேர்ல்ட் ரினியூவல்' என்ற நூலை வெளியிட்டனர். யுரோக், கரூக், ஹூபா முதலிய வடமேற்குக் கலிஃபோர்னியத் தொல்குடிகள் வெண்மான் தோல் நடனம், தாவல் நடனம் போன்ற சடங்குகளால் உலகைப் புதுப்பிப்பதை அது விவரிக்கிறது. அம்மக்களின் பார்வையில் உலகம் தானாக நிலைத்திருப்பதில்லை. மனிதர் மீண்டும் மீண்டும் கூடி, உரிய இடத்தில், உரிய சொற்களைச் சொல்லி அதை நிறுத்தி வைக்க வேண்டும். தாவோவில் ஒதுங்கியிருத்தல் முதன்மை. யுரோக் சடங்கில் பொறுப்பேற்றல் முதன்மை. எர்த்சீயின் சமநிலை இரண்டையும் ஒருங்கே கேட்கிறது. லெ குவினைத் தாவோவின் மாணவியாக மட்டும் படிக்கிற ஆய்வுகளுக்கு அவருடைய பின்னூல்கள் பிடிபடாமல் போவதற்குக் காரணம், இந்த இரண்டாவது கூற்றை அவை கணக்கில் எடுக்காததே.

இனி தோப்புக்கு வரலாம். ரோக் தீவில் பள்ளிக்கு வெளியே இருக்கும் அந்தத் தோப்பில் மந்திரம் எதுவும் செய்யப்படுவதில்லை, இடமே மந்திரம். சில வேளை அது கண்ணுக்குப் படும், சில வேளை படாது. மரங்கள் இடம் மாறுகின்றன என்று மாணவர்கள் பேசிக்கொள்கிறார்கள். மூன்றாம் நூலான 'த ஃபார்தெஸ்ட் ஷோர்' (1972) அதைத் திருப்பிப் போடுகிறது: தோப்பு அசைவதே இல்லை, அதன் வேர்கள் இருப்பின் வேர்கள், மற்றவை எல்லாம்தான் அசைகின்றன. அங்கே வாழும் கோல ஆசான் இலைகளிலும் நிழல்களிலும் ஓடும் கோலத்தைப் படிக்கிறார். அந்த மரங்கள் அழிந்தால் தீவுகள் கடலில் மூழ்கும் என்பது ஐதிகம்.

இந்த வருணனையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தோப்புக்கு எல்லை கிடையாது. கதவும் இல்லை, வாயிற்காவலும் இல்லை. ரோக் பள்ளிக்கோ வாயில் ஆசான் என்று ஒருவர் இருக்கிறார். தன் மெய்ப்பெயரைச் சொல்லாதவர் அந்தக் கதவைத் தாண்ட முடியாது. பெண்கள் தாண்டவே முடியாது. சமநிலையைக் கற்பிக்கும் நிறுவனம் ஒருபுறம், சமநிலை குடியிருக்கும் இடம் மறுபுறம். இரண்டும் ஒரே தீவில் அருகருகே இருந்தும் ஒன்றல்ல என்ற இடைவெளி முதல் நூலிலேயே விழுந்துவிட்டது. அதன் பொருள் புலப்பட இருபதாண்டுகளுக்கு மேலாயின.

மூன்றாம் நூலின் கதை சாவைப் பற்றியது. காப் என்னும் மந்திரவாதி சாகாமலிருக்க ஆசைப்பட்டு வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே ஒரு துளை போடுகிறான். அதன் வழியே உலகின் நிறம், பாடல், பெயர், கைத்திறன் எல்லாம் வடிந்துபோகின்றன. கெட் இளவரசன் அரெனோடு இறந்தோர் நாட்டைக் கடந்து சென்று, தன் ஆற்றல் முழுவதையும் செலவிட்டு அந்தத் துளையை அடைக்கிறான். சாவு இருந்தால்தான் வாழ்வுக்குப் பொருள் என்பது நூலின் நேரடிக் கூற்று. 1973இல் அமெரிக்க தேசிய நூல் விருது இதற்குக் கிடைத்தது. கூற்று வலுவானதுதான், ஆனால் அதைத் தாங்க வேண்டிய காட்சி அதற்கு எதிராகப் பேசுகிறது.

வறண்ட நிலம் என்று அழைக்கப்படும் அந்த நாட்டில் சூரியன் எழுவதில்லை. விண்மீன்கள் நகர்வதில்லை. இறந்தவர்கள் தெருக்களில் நடக்கிறார்கள். ஆனால் வாழ்நாளில் ஒருவருக்காக ஒருவர் உயிர்விட்ட காதலரும் அங்கே ஒருவரை ஒருவர் அறியாமல் கடந்து போகிறார்கள். நீரோடை இல்லை, பறவை இல்லை, துயரம்கூட இல்லை. வாழ்வின் மறுதட்டு இதுவென்றால் தராசு நேராக நிற்கவில்லை. விளக்குக்கு நிழல் இணை என்பது சரி. ஆனால் மாற்றமே இல்லாத இந்த உறைநிலை எதற்கு இணை? வளர்ந்து தேய்ந்து திரும்பும் தோப்பின் இலைகளுக்கும் அசையாத அந்த விண்மீன்களுக்கும் உறவே இல்லை. லெ குவினின் கற்பனை, அவருடைய கோட்பாட்டை முந்திக்கொண்டு, கோளாறு இருக்குமிடத்தைக் காட்டிவிட்டது.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து 'டெஹானு' (1990) வந்தது. கெட் மந்திரம் இழந்து ஆடு மேய்க்கிறான். 'த டூம்ப்ஸ் ஆஃப் அட்டுவான்' நாவலில் இருட்குகைத் தெய்வங்களின் பூசாரிச் சிறுமியாக இருந்து தப்பி வந்த டெனார், இப்போது நடுவயதுக் குடியானவள். தந்தை உள்ளிட்டோரால் தீயில் தள்ளப்பட்டுப் பாதி முகம் கருகிய ஒரு குழந்தையை அவள் வளர்க்கிறாள். நெபுலா விருது கிடைத்தும் பழைய வாசகர்களில் பலர் இந்த நூலை வரவேற்கவில்லை. நாயகன் சிறுத்துவிட்டான் என்பது அவர்கள் மனக்குறை. லெ குவின் 1992இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில், வீரகதை மரபு ஆண்களின் மரபாகவே இருந்ததையும், தாமும் அதற்குள் நின்றே முதல் மூன்று நூல்களை எழுதியதையும் வெளிப்படையாகப் பேசினார்.

அந்த உரையை மட்டும் வைத்து 'டெஹானு'வை ஒரு கொள்கைத் திருத்தமாகக் குறுக்குவது நூலுக்குச் செய்யும் அநீதி. கதைக்குள்ளேயே திருத்தம் தோப்பிலிருந்துதான் வருகிறது. புதிய தலைமை மந்திரவாதியைத் தேர்ந்தெடுக்க ஆசான்கள் கூடியிருக்கையில், கோல ஆசான் தம்மை அறியாமல் கான்ட் தீவிலுள்ள ஒரு பெண்ணைக் குறித்து ஒரு சொல் சொல்கிறார். ஆசான்கள் அதைப் புரிந்துகொள்ளும் விதம் மிகவும் துயரமானது: அந்தப் பெண் யாரோ ஓர் ஆணிடம் நம்மை அழைத்துச் செல்வாள் போலும் என்று எண்ணுகிறார்கள். பெண்ணே விடையாக இருக்கலாம் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. சமநிலையின் காவலர்கள் சமநிலை பேசும்போது அதைக் கேட்க முடியாதவர்களாக நிற்கிறார்கள்.

'டேல்ஸ் ஃப்ரம் எர்த்சீ' (2001) தொகுப்பு இதற்கு ஒரு வரலாற்றையே தருகிறது. அதன் முதற்கதையில், ரோக் பள்ளியைத் தொடங்கியவர்களில் பெண்களே முன்னணியில் இருந்தார்கள் என்று தெரிகிறது. கொடுங்கோலர் காலத்தில் ரகசியமாக ஒருவருக்கொருவர் துணைநின்ற அப்பெண்கள், அகதியாக வந்த மெட்ராவைத் தோப்புக்குள் அழைத்துச் சென்று கற்பித்தனர். பெண்களை வெளியேற்றியது பின்னாளில் முதல் தலைமை மந்திரவாதியான ஹால்கெல் செய்த ஏற்பாடு. 1998இல் முதலில் வெளிவந்த 'டிராகன்ஃபிளை' கதையில் ஐரியன் என்ற பெண் பள்ளி வாசலில் வந்து நிற்கிறாள். ஆசான்கள் பிளவுபடுகிறார்கள். அவளுக்குத் தங்க இடம் தருபவர் கோல ஆசானாகிய அஸ்வெர். அவரும் வேற்றினத்தவர், மந்திரமே அறியாத கார்க் மக்களின் போர்வீரராக இருந்தவர். தோப்பு அவளைத் தடுக்கவில்லை. அவளை எதிர்க்கும் தோரியனோ இறந்தும் சாவை ஏற்காமல் திரும்பி வந்தவன். ஒழுங்கின் பெயரால் பேசும் அவனே ஒழுங்கின் மிகப் பெரிய மீறல். பள்ளியின் கதவுகளைத் திறப்பது பற்றிய பேச்சோடு கதை நிற்கிறது.

எல்லா இழைகளும் 'தி அதர் விண்ட்' (2001) நாவலில் கூடுகின்றன. ஆல்டர் என்ற எளிய ஒட்டுவேலைக்காரர், உடைந்த கலயங்களைச் சரிசெய்பவர், ஒவ்வோர் இரவும் கனவில் அந்தக் கற்சுவரருகே நிற்கிறார். சுவருக்கு அப்பாலிருந்து இறந்த மனைவியும் மற்றவர்களும் தங்களை விடுவிக்குமாறு கெஞ்சுகிறார்கள். காரணம் மெல்லத் தெரியவருகிறது. ஆதியில் மனிதரும் டிராகன்களும் ஓரினம். பிரிந்தபோது மனிதர் உடைமையையும் கைத்தொழிலையும், டிராகன்கள் விடுதலையையும் எடுத்துக்கொண்டனர். பின்னர் பழைய மந்திரவாதிகள் சாகா வாழ்வை விரும்பி, பெயரிடும் கலையால் டிராகன்களின் மேற்கு நிலத்தில் ஒரு பகுதியைக் கவர்ந்து சுவர் எழுப்பினார்கள். சுவர் எழுந்ததும் உள்ளே காற்று நின்றது, நீர் வற்றியது. வறண்ட நிலம் பிறந்த கதை இதுவே. மறுபிறப்பை நம்பும் கார்க் மக்கள் அங்கே போவதே இல்லை என்பதும் இப்போதுதான் பொருள்படுகிறது.

அப்படியானால் வாழ்வுக்கும் சாவுக்கும் எல்லையாக மூன்றாம் நூல் காட்டிய சுவர் ஒரு திருட்டின் வேலி. காப் செய்த குற்றமும் முன்னோர் செய்த குற்றமும் ஒரே வகை, அளவுதான் வேறு. இதைக் கண்டறிந்தவர்கள் தோப்பின் மரங்களுக்கடியில் படுத்துறங்கிக் கனவில் அந்தச் சுவரை அடைகிறார்கள். முதல் கல்லைப் பெயர்ப்பவர் ஒட்டுவேலைக்காரரான ஆல்டர். தோப்பிலிருந்து புறப்பட்டவர்களால் மதில் விழுகிறது: ஒரு சமநிலை மற்றொன்றைத் திருத்துகிறது. இறந்தோர் வெளியேறி மண்ணிலும் காற்றிலும் கரைகிறார்கள். யுரோக் சடங்கின் உலகப் புதுப்பிப்புக்கு இதைவிட நெருக்கமான புனைவு அரிது. கூடியிருப்பவர்களில் அரசனும் அயல்நாட்டு இளவரசியும் பெண்களும் கைவினைஞரும் இருக்கிறார்கள். ஒன்பது ஆசான்களால் மட்டும் ஆகாத வேலை அது.

இந்த வாசிப்புக்கு எதிராக ஒரு வலுவான தடை எழக்கூடும். சுவர் விழுந்தபின் டிராகன்கள் வேறொரு காற்றில் ஏறி, டெனார் வளர்த்த குழந்தையான டெஹானுவையும் ஐரியனையும் அழைத்துக்கொண்டு, இவ்வுலகை விட்டே போய்விடுகின்றன. எதிரெதிர் ஆற்றல்களில் ஒன்று நிரந்தரமாக விலகிய பிறகு எஞ்சுவதைச் சமநிலை என்று சொல்ல முடியுமா? லெ குவின் இதற்கு நேரான பதில் தரவில்லை. டெனாரின் இழப்பை அவர் மறைக்கவும் இல்லை. வளர்த்த மகள் பறந்துபோன வலி கடைசிப் பக்கங்களில் அப்படியே இருக்கிறது. அவர் மறைந்த 2018இல் 'த பாரிஸ் ரிவ்யூ' வெளியிட்ட 'ஃபயர்லைட்' என்ற சிறுகதை கெட்டின் இறுதி நாட்களைச் சொல்கிறது. வறண்ட நிலத்தின் அச்சம் அற்ற சாவு அதில் சாத்தியமாகிறது. ஆனால் அது மனிதர் பக்கத்துக் கணக்கு. டிராகன்களற்ற தீவுகளில் தொன்மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் இனி யாரும் இல்லை. பிறப்பிலேயே அம்மொழி வாய்த்தவர்கள் போய்விட்ட பின், அதைக் கற்றுப் பேசும் மந்திரவாதிகளின் கலைக்கு எது அளவுகோல் என்ற கேள்வி எர்த்சீ ஆய்வில் இன்னும் போதிய அளவு எழுப்பப்படவில்லை. பதிலைத் தேடுவோர் பள்ளியைவிட கார்க் மக்களின் வழக்கங்களில் தேடுவது பயன் தரும். மந்திரமோ மெய்ப்பெயரோ இல்லாமல் அத்தனை தலைமுறைகள் அந்த உலகில் வாழ்ந்து காட்டியவர்கள் அவர்கள்தான்.